குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?

"ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால், போய் இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வா" என்று தகப்பனார் சொன்னது நன்மாற ராஜாவுக்கு ஞாபகம் இருந்தது. இரண்டாவது ஆள் யார் என்பதுதான் மறந்துபோயிற்று. வைத்தியராக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்.

கேளுங்கள், ராஜாக்கள் தேரில் போன காலம் அது. நன்மாற ராஜாவின் பழைய தேரோட்டி சாத்தனார் இரண்டு வருடமாகப் படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொண்டவன் மகன் ஓரி.

மந்திரி வந்தார். பலாப்பழம் கொடுத்தார். "அப்பாவை நல்லா பார்த்துக்கோ" என்றார். தளபதி வந்தார். பலாப்பழம். "நல்லா பார்த்துக்கோ." வைத்தியரும் அப்படியே. பல்லில்லாத கிழவருக்கு மூன்று பலாப்பழம்!

நாலாவது பழத்தோடு ராஜா வந்தார். ஓரி புது வேட்டியும் வாடிய முகமுமாக வாசலில் நின்றான். ஆற்றுக்கு அக்கரையில், மாமனார் ஊரில், அன்று அவன் மகளுக்குக் காதுகுத்து. அப்பாவோடு இருக்க வருகிறேன் என்ற சித்தப்பா வரவில்லை.

"நல்லா பார்த்து..." என்று ராஜா ஆரம்பித்தார்.

"இன்னிக்கு ஒரு பகல் நீங்க பார்த்துக்கிறீங்களா, மகாராஜா?" கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்பது ஓரிக்கு உறைத்தது.

"ஒரு பகல்தானே, போய் வா" என்று சிரித்தார் ராஜா. ஓரி ஓடியே போனான்.

"குதிரைக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றார் சாத்தனார்.

"காட்டியாச்சு, பெரியவரே" என்றார் ராஜா, அன்பாக.

கஞ்சி ஊட்டினார். பாதி ராஜாவின் மேல்துண்டுக்குப் போயிற்று. "குதிரைக்குத் தண்ணி?"

"காட்டியாச்சுன்னேனே."

கிழவருக்குத் துணி மாற்றினார். புரட்டிப் படுக்கவைத்தார். ராஜாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "குதிரைக்கு..."

"எத்தனை தடவைய்யா கேட்பீர்?" என்று கத்திவிட்டார். கிழவர் மிரண்டு போர்வைக்குள் போய்விட்டார்.

ராஜாவுக்கு வெட்கமாயிற்று. வெளியே போய்த் தன் குதிரையை ஜன்னலோரம் கொண்டுவந்து, கிழவரின் கண்ணெதிரே தண்ணீர் காட்டினார். சாத்தனார் பொக்கை வாயால் சிரித்தார். அரை நாழிகை கழித்து மறுபடியும் கேட்டார்.

சாயங்காலம் ஓரி வந்தான். ராஜா தரையில் சாய்ந்து கிடந்தார். கிரீடம் கஞ்சிப் பானைக்கு மூடியாகியிருந்தது.

"அப்பா ரொம்பப் படுத்திட்டாரா, மகாராஜா?"

இரண்டாவது ஆள் யாரென்று ராஜாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அவர் இருக்கட்டும். நீ எப்படி இருக்கே, ஓரி?"

இரண்டு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. ஓரிக்குக் கண் நிறைந்தது. பிறகு, காது குத்த வந்த ஆசாரியின் விரலை மகள் கடித்த கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். கிழவரும் சேர்ந்து சிரித்தார்.

படுத்திருப்பவரை விசாரிக்கப் போகிறவர், அவரைப் பார்த்துக்கொள்கிறவரையும் விசாரித்து, அந்தப் பாரத்தில் ஒரு பங்கைத் தன் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் பலாப்பழம் இல்லாமல், குதிரையோடு ஓரி வீட்டுக்கு வருவதென்று ராஜா முடிவு செய்தார்.