மூன்று குடம் தண்ணீர்

கப்பல் ஏறினால் மாதக்கணக்கில் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவு தூரத்தில், யவன தேசத்தில், ராஜாவே இல்லாத ஊர் ஒன்று இருந்ததாம்.

ராஜா இல்லாவிட்டால்? பெயர்களைப் பானையில் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவரே அன்று ஒரு நாள் சபைத் தலைவர். பொழுது சாயும்வரை கோட்டைச் சாவி அவர் கழுத்தில் தொங்கும்.

நிகாந்தர் என்ற அறிஞருக்கு இது பிடிக்கவே இல்லை. “செருப்புத் தைக்கக்கூடத் தெரிந்தவனைத் தேடுகிறீர்கள். ஊரை ஆள மட்டும் பானையைக் குலுக்குகிறீர்களே!” என்று சந்தையில் கேட்டார். ஊர் கொதித்தது. அவரை நாடு கடத்தச் சபை கூடியது.

அன்று பானையில் வந்த பெயர் கிலோன். கருவாடு விற்பவர். நிகாந்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நேற்றுவரை கருவாடு, இன்றைக்கு என் தலைவிதியா?”

“எனக்கும் அதே பயம்தான் ஐயா,” என்றார் கிலோன். “அதனால்தான் விடிந்ததும் சட்டத்தை மூன்று தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். உங்களுக்கு ஒரு குடம் தண்ணீர் உண்டு.”

அடியில் ஓட்டை போட்ட குடம் அது. தண்ணீர் ஒழுகித் தீரும்வரை பேசலாம்.

“விரட்டு அவனை!” என்று கூட்டம் கத்தியது. கிலோன் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டார். சத்தம் அடங்கியதும்தான் விரலை எடுத்தார். மறுபடி கத்தினார்கள், மறுபடி அடைத்தார். மூன்றாம் தரம் கத்த யாருக்கும் மனம் வரவில்லை.

நிகாந்தர் பேசினார். “போன வருடம் கோபத்தில் சாவுத் தீர்ப்புக்குக் கை தூக்கி ஒரு மாலுமியைக் கொன்றீர்கள். மறுநாளே அழுதீர்கள். அழுகை அவனைத் திருப்பித் தந்ததா? இதற்கு ஒரு வழி...”

தண்ணீர் தீர்ந்துவிட்டது.

ஆயிரம் பேர் கூடிய சபையில், அதுவரை எல்லாரையும்விட உரக்கக் கத்திய படகோட்டி எழுந்தான்.

“அன்றைக்கு முதலில் கை தூக்கியவன் நான்தான். இன்னொரு குடம் ஊற்றுங்கள். வழியைச் சொல்லட்டும்.”

ஊற்றினார்கள். அதுவும் போதவில்லை. மூன்றாவது குடமும் ஊற்றினார்கள்.

“சாவுத் தீர்ப்பு என்றால், தூங்கி எழுந்து மறுநாள் இன்னொரு தரம் கை தூக்குங்கள்,” என்று முடித்தார் நிகாந்தர்.

அவரை நாடு கடத்த ஏழே கைகள் எழுந்தன. அவர் சொன்ன வழியைச் சட்டமாக்க, சபை முழுவதும் கை தூக்கியது. காது கேளாத கூட்டம் என்றல்லவா இத்தனை நாளும் திட்டினார்!

பொழுது சாய்ந்தது. யாரும் கேட்காமலே கிலோன் சாவியைக் கழற்றிப் பானைமேல் வைத்தார்.

“கருவாடு வெளியே காய்கிறது. பனி விழுந்தால் வீட்டுக்காரி என்னை உப்புப் போட்டுவிடுவாள்!” என்று ஓடினார்.

நிகாந்தர் அந்தச் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனையோ ராஜாக்களைப் பார்த்தவர் அவர். ஒரு ராஜாகூடச் சாவியைக் கீழே வைத்து அவர் பார்த்ததில்லை.

ஆகவே, தன்னைக் குறை சொல்கிறவனுக்கும் தண்ணீர் ஊற்றிக் காது கொடுக்கும் ஊரே, தன்னைத்தானே ஆளத் தகுந்த ஊர்.