பாதிக் கூடு

குருவிகளும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவியின் கூடு வெறும் கிண்ணம்தான். நாலு புல்லை வளைத்துக் கிளையில் வைத்தால் போதும், பெட்டைக் குருவி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஏன், எதற்கு என்ற கேள்வியே கிடையாது.

கிணற்றோரக் கருவேல மரத்தில் மஞ்சத்தலையன் என்கிற ஆண் குருவியும் அப்படியொரு கூட்டைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தான். அவனுடைய கெட்ட நேரம், அடுத்த கிளையில் இருந்த நெட்டையனுக்கு மூளை வேலை செய்துவிட்டது. நெட்டையன் தன் கூட்டுக்குக் கூரை பின்னினான். அவ்வளவுதான், அதற்குப் பிறகு கிண்ணக் கூட்டை எந்தப் பெட்டையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

மஞ்சத்தலையன் முணுமுணுத்துக்கொண்டே பழையதைப் பிரித்துக் கூரையோடு கட்டினான். அவன் மனதில் வைத்திருந்த சிலம்பாயி வந்தாள். உள்ளே போய்க் குதித்துப் பார்த்தாள்.

"கூரை சரிதான். ஆனா இப்பல்லாம் கிளையில வச்சா கட்டுறாங்க? தொங்கவிட்டு, கீழே குழாய் மாதிரி வாசல் வைக்கிறாங்க. பாம்பு நுழையாதாம்."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நெட்டையன் கூட்டைப் போய்ப் பாரு."

பாம்பு நுழையாது என்பது உண்மைதான், அதை மஞ்சத்தலையனும் ஒத்துக்கொள்வான். அதற்காக ஒரு குருவி எத்தனை தடவைதான் வீடு கட்டும்? எரிச்சலோடு தொங்கவிட்டான், குழாயும் வைத்தான். சிலம்பாயி மறுபடியும் வந்தாள்.

"காத்துல இந்த ஆட்டம் ஆடுதே. உள்ளே களிமண் அப்பினா ஆடாதாம்."

"கட்டி முடிச்ச கூட்டுக்குள்ள எப்படி மண்ணை அப்புறது?"

"அதனாலதான் பிரிக்கச் சொல்றேன்."

அவனுக்குத் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. மேற்கே வேறு மேகம் திரண்டுகொண்டிருந்தது. மழை இறங்குவதற்குள் சிலம்பாயி கூடு ஏறாவிட்டால் இந்த வருஷம் அவனுக்குக் குஞ்சே கிடையாது. பல்லைக் கடிக்கப் பல்லும் இல்லாததால் அலகைக் கடித்துக்கொண்டு புதிதாகப் பின்ன ஆரம்பித்தான். பாதி பின்னி மண்ணை அப்பியதும், வாயிலிருந்த புல்லைத் துப்பிவிட்டுக் கூட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"இங்க வா சிலம்பாயி. இதுக்கு மேல ஒரு புல்லும் வைக்க மாட்டேன். இப்பவே பாத்துச் சொல்லு. பிடிச்சா மீதியைக் கட்டுறேன். பிடிக்கலைன்னா பறந்து போ."

"பாதிக் கூட்டைக் காட்டி யாராச்சும் பொண்ணு கேப்பாங்களா?"

"முழுக் கூட்டைக் காட்டி மட்டும் என்னத்தைக் கிழிச்சேன்?"

சிலம்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிக் கூட்டில் ஏறி ஆடிப் பார்த்தாள். முட்டை எங்கே, வாசல் எங்கே என்பதெல்லாம் இப்போதுதான் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"வாசலை இந்தப் பக்கம் வை. சாரல் அந்தப் பக்கம்தான் அடிக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சீக்கிரம் கட்டு. மழை வருது, இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்த?"

மஞ்சத்தலையன் துப்பிய புல்லை மறுபடியும் கவ்விக்கொண்டான். பதில் சொன்னால் திரும்பவும் பிரிக்க வேண்டியிருக்கும். மழை இறங்குவதற்குள் குழாயைப் பின்னி முடித்தான். நெட்டையன் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்த் தானும் ஒரு பாதிக் கூட்டைக் கட்டத் தொடங்கினான்.

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி பாதியில் நிறுத்திவிட்டுப் பெட்டையைக் கூப்பிடுகிறது. கிணற்றோர மரங்களில் அரைகுறையாகத் தொங்கும் கூடுகளைப் பார்த்து யாரும் சோம்பேறிக் குருவி என்று சொல்லிவிட வேண்டாம். அவையெல்லாம் ஒருத்தி வந்து, ஆடிப் பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவை.