அக்கரைப் பாறையில் ஒரு வலை

பாம்பன் கடலுக்கடியில் பவளம் நட்டு வளர்க்கிறவள் பஞ்சவர்ணம். அவளிடம் வேலை பழக வந்த சீடருக்கு அவளைவிடப் பன்னிரண்டு வயது கூட. பெயர் இன்னாசி. முப்பது வருசம் வலை போட்ட ஆள். சீடர் குருவைத் தங்கச்சி என்பார். குரு சீடரை அண்ணே என்பாள்.

ஒரு வாரமாக இன்னாசிக்குக் கை ஓடவில்லை. கட்டின பவளத் துண்டையே திரும்பத் திரும்பக் கட்டினார்.

"தங்கச்சி, அக்கரையில, இலங்கைப் பக்கம், பவளப் பாறை செத்தா நமக்கென்ன?"

"சோளகக் காத்து அடிச்சா நம்ம பவளக் குஞ்சு அங்க போய் ஒட்டுது. வாடைக் காத்து அடிச்சா அவங்களது இங்க வருது. உங்களுக்குத் தெரியாததா? கேக்க வந்ததைக் கேளுங்கண்ணே."

இன்னாசி தலை குனிந்தார்.

"போன வாரம் மீன் பிடிக்கப் போனப்ப நீரோட்டம் இழுத்து எல்லை தாண்டிட்டேன். வலை அவங்க பாறையில மாட்டிக்கிச்சு. தூரத்துல ரோந்துக் கப்பல். பயத்துல வலையை அறுத்துவிட்டுட்டு ஓடி வந்துட்டேன். சொன்னா படகைப் பிடிச்சிருவாங்க. சொல்லாட்டி பாறை மூச்சு முட்டிச் செத்துரும்."

அட பாவி மனுசா! இந்தக் கரையில் நட்டது இருபது துண்டு, அந்தக் கரையில் மூடினது ஒரு பாறை.

பஞ்சவர்ணம் திட்டவில்லை. அக்கரை மன்னாரில் இதே வேலை செய்கிற தவராசாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இன்னாசி கையில் கொடுத்தாள்.

வலையை அறுத்துவிட்ட கதையை இன்னாசி தொடங்கினார். இடத்தைச் சொன்னார். கடைசியில் பெயரையும் சொல்லிவிட்டார்.

"இன்னாசி அண்ணையோ? மிதவையில உங்கட பேர் எழுதிக் கிடந்தது. அண்டைக்கே எடுத்திட்டம். பாறைக்கு ஒண்டும் ஆகேல்லை. பேரை ஆருக்கும் சொல்லேல்லை. நீங்களாச் சொல்லுவியள் எண்டு இருந்தனாங்கள்."

"மாதாவே!" இன்னாசி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். போன உயிர் திரும்பி வந்தது. கண்ணைத் துடைக்கத் துடைக்க நிறைந்தது.

"அண்ணை, இன்னொண்டு. எங்கட ஊர் ஆள் ஒருத்தற்ற வலையும் உங்கட பாறையில கிடக்கு. சொல்லப் பயந்து திரியிறார்."

இன்னாசிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. போனை வைத்ததும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பாத்தியா தங்கச்சி! அவங்களும் நம்மளை மாதிரிதான். இப்பவே போய் எடுத்துருவோம். மிதவையில பேர் இருக்கும்ல? எந்த மகராசன்னு பாத்துருவோம்!"

பஞ்சவர்ணம் கத்தியையும் நீச்சல் கண்ணாடியையும் அவரிடம் நீட்டினாள்.

"பேர் இருக்கிற பக்கத்தைக் கவுத்துப் பிடிச்சுத் தூக்குங்கண்ணே."