முதலாளி நாற்காலி

தனுஷ்கோடி மேடையேறினால் மைக்குக்கே வேர்த்துவிடும் என்று தூத்துக்குடி உப்பளத்துக்காரர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்ட வாய். லாரியில் உப்பு மூட்டை ஏற்றுகிறவர், வயது ஐம்பத்திரண்டு, சங்கத்தில் இருபத்தேழு வருஷம். ஆனால் பேச்சுவார்த்தைக்கு அவரை ஒரு தடவைகூட உள்ளே அனுப்பியதில்லை. அந்தக் குறை தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

சங்கத்தில் வகுப்பெடுப்பவர் ஜெசிந்தா. பாத்தியில் உப்பு வாரி வந்தவர். தனுஷ்கோடியைவிடப் பதினான்கு வயது இளையவர். ஆனாலும் அவரிடம் பாடம் கேட்க தனுஷ்கோடி கூச்சப்பட்டதில்லை. அது அவருடைய நல்ல குணம்.

அந்த மாதம் ஓர் உப்பளத்தில் ஏழு பெண்களை வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார்கள். உச்சி வெயிலில் குடிக்கத் தண்ணீர் கேட்டுக் கரையேறி உட்கார்ந்ததுதான் அவர்கள் செய்த குற்றம். திங்கட்கிழமை லேபர் ஆபீசில் பேச்சுவார்த்தை.

“இந்தத் தடவை நான் உள்ள போறேன் தோழர்,” என்றார் தனுஷ்கோடி. “தலைவனாகணும்னா நான் இன்னும் என்னதான் படிக்கணும்?”

சங்க அலுவலகத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஜெசிந்தா அதை இழுத்து நடுவில் போட்டார்.

“உக்காருங்க. மூணு நாளைக்கு நீங்கதான் முதலாளி. இந்த ஏழு பேரும் வேலையைக் கேட்டு உங்ககிட்டப் பேசுவாங்க. இரக்கப்பட்டு விட்டுக்குடுத்துராதீங்க.”

“நானா? முதலாளியா?”

“அவரு என்ன பேசுவாருன்னு உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாமல் என்ன? இருபத்தேழு வருஷம் எதிரில் நின்று கேட்ட பேச்சு.

முதல் நாள் தனுஷ்கோடி கால்மேல் கால் போட்டுக்கொண்டார். “தண்ணி லாரி தினமும் வருது. நோட்டுல எழுதியிருக்கு. உங்களுக்கு வேலை செய்ய மனசில்ல.”

“பொய்!” என்று ஏழு பேரும் கத்தினார்கள்.

“பொய்யின்னா நிரூபிங்க.”

கத்தினவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைய வகுப்பு அதோடு முடிந்தது.

இரண்டாம் நாள் அவர் குரலைத் தாழ்த்தினார். “பாவம், பிள்ளைக்குட்டிக்காரங்க. பேராச்சி, நீயும் கைப்பிள்ளை உள்ள மத்த மூணு பேரும் நாளைக்கே வேலைக்கு வாங்க. மத்தவங்களைப் பிறகு பாப்போம்.”

பேராச்சியின் தலை தானாக ஆடிவிட்டது. கூடவே இன்னும் மூன்று தலைகள்.

“முடிஞ்சுது உங்க சங்கம்,” என்றார் தனுஷ்கோடி.

விளையாட்டுதான். ஆனால் விடுபட்ட மூவரில் ஒருத்தியான அந்தோணியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அன்று தனுஷ்கோடிக்கு யாரும் டீ எடுத்துக்கொடுக்கவில்லை. அவருக்கு நெஞ்சு வெந்துபோனது.

“என்ன தோழர் இது? முதலாளியைத் திட்டியே வளந்தவன் நான். என்னையே முதலாளி ஆக்கி, என் ஜனங்ககிட்டயே ஏச்சு வாங்க வைக்கிறீங்களே!”

“நாளைக்கு இன்னும் கடுசாப் பேசுங்க,” என்றார் ஜெசிந்தா.

மூன்றாம் நாள் அவர் மிரட்டினார், குழைந்தார், மேசையைத் தட்டினார். பேராச்சி தலையாட்டவில்லை.

“தண்ணி லாரி வருதுங்க. ஆபீஸ் வாசலோட நின்னுருது. எங்க பாத்தியில இருந்து அது ரெண்டு மைலு. போயிட்டு வந்தா, ஆளு வேலையில இல்லைன்னு கங்காணி எழுதுதாரு. உங்க தண்ணி நோட்டோட அந்த நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, ரெண்டையும் சேத்து வாசிப்போம்.”

“அதை விடு. நாலு பேரு வாங்கன்னு சொன்னேனே?”

“ஏழு பேரும் ஒண்ணாத்தான் கரையேறினோம். இறங்குனாலும் ஒண்ணாத்தான் இறங்குவோம்.”

தனுஷ்கோடி என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். எதுவும் எடுபடவில்லை. தோற்றதில் அவருக்கு வந்த சந்தோஷம் அவருக்கே விளங்கவில்லை.

திங்கட்கிழமை பேராச்சியையும் அந்தோணியம்மாளையும் உள்ளே அனுப்பினார் ஜெசிந்தா. தனுஷ்கோடி வெளியே சைக்கிள்கள் நிற்கும் இடத்தில் இருப்புக்கொள்ளாமல் நடந்தார். உள்ளே ஏழு பேரின் பிழைப்பு. வெளியே இவருடைய வாய் சும்மா கிடந்தது.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் பேராச்சி படியிறங்கி ஓடி வந்தாள்.

“ஏழு பேரும் நாளைக்கு வேலைக்குப் போறோம் அண்ணாச்சி! தண்ணி இனிமே பாத்திக்கே வரும். எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க!”

“முதலாளி நாலு பேருன்னு சொன்னாரா?”

“சொன்னாரே! எனக்குச் சிரிப்பு வந்துட்டு. உங்ககிட்டப் பட்ட பாட்டுக்கு அவரெல்லாம் ஒரு ஆளா?”

மற்ற பெண்கள் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி குலவையிட்டாள். தனுஷ்கோடிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பழைய முள் போகவில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஜெசிந்தாவிடம் கேட்டார்.

“சரி தோழர், அடுத்த தடவையாவது நான் உள்ள போகலாமா?”

“தாராளமாப் போங்க,” என்றார் ஜெசிந்தா. “ஆனா நீங்க உள்ள போயிட்டா, அதுக்கு முன்னால அந்த நாற்காலியில உக்காந்து இவங்களைத் தோக்கடிக்க யாரு இருக்கா?”