ஒரு முத்திரைக்குப் பன்னிரண்டு பணம்

முன்னொரு காலத்தில், நீலியாற்றின் கரையில் கூடற்கரை என்றொரு நாட்டைச் சித்திரகேது என்ற மன்னர் ஆண்டுவந்தார். அவருக்குப் பட்டப்பெயர்கள் முப்பத்திரண்டு. அவற்றில் இருபதை அவரே சூட்டிக்கொண்டார் என்பதால் இங்கே விட்டுவிடுவோம். காலையில் ஒரு சட்டம் போடுவார். மத்தியானச் சாப்பாடு ருசித்துவிட்டால் அதை ரத்து செய்துவிடுவார்.

அந்த ஆற்றில் படகு விட்டவள் முத்திருளாயி. சித்திரையில் கணவன் இறந்துபோனான். அவன் பெயரிலிருந்த படகைத் தன் பெயருக்கு மாற்றி ஓலை எழுதியாயிற்று. அதில் அரண்மனை முத்திரை விழுந்தால் போதும். ஆடி பதினெட்டுக்குள் விழாவிட்டால் படகு அரண்மனைக்குப் போய்விடும். அன்று ஆடி பதினேழு.

முத்திரை அதிகாரி விருத்தகிரியார் ஓலையை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார்.

"முத்திரைக்கு ஒரு பணம். வாசிக்க வரிக்கு அரைப் பணம். ஆறு வரி, மூன்று பணம். நீ முத்திருளாயிதான் என்று சொல்ல இரண்டு சாட்சிகள், இரண்டு பணம். அலைய வேண்டாம், என் ஆட்களே சொல்வார்கள். அரக்கு உருக்க விறகுக்கு ஒன்று."

"இன்னும் இருக்கா ஐயா?"

"பொறுப்பு இருக்கிறதே! படகின் மதிப்பு நாற்பது பணம். ஓலையில் தப்பு வந்தால் என் தலையல்லவா போகும்? பத்தில் ஒரு பங்கு, நான்கு. இவ்வளவையும் கூட்டிச் சொன்னதற்கு ஒன்று. ஆகப் பன்னிரண்டு."

முத்திருளாயி மனசுக்குள் கணக்குப் போட்டாள். பத்துக் காசு ஒரு பணம். ஆளுக்கு ஒரு காசு கூலி. நூற்றிருபது பேரைக் கரைசேர்த்தால்தான் இந்த மனிதர் ஒருமுறை முத்திரையை அழுத்துவார்! வயிறெரிய நேரே அரசவைக்குப் போனாள்.

"மகராசா, படகுத்துறைக் கல்லில் ஒரு பக்கம் படகுக் கூலி, மறுபக்கம் முத்திரைக் கூலி. உங்கள் பாட்டனார் வெட்டி வைத்தது. முத்திரைக்கு ஒரு பணம். அதிகாரி வீடு தேடி வந்தால் வழிநடைக்கு அரைப் பணம். வேறு எதுவும் வாங்கக் கூடாது. என் வீட்டுக்காரர் வாசித்துக் காட்டியிருக்கிறார்."

பின்னாலேயே வந்து நின்ற விருத்தகிரியார் சிரித்தார். "பிரபு, அது அறுபது வருஷத்துக் கல். மழையில் தேய்ந்த எழுத்துக்கெல்லாம் கட்டுப்பட்டால் ராஜ்ஜியம் நடக்குமா? காலத்துக்கேற்ற கட்டணம் வேண்டாமா? படகுக்காரிக்கு என்ன தெரியும் பொறுப்பைப் பற்றி!"

"அதுவும் சரிதான்" என்றார் மன்னர், கொட்டாவியோடு. "நாளை மறுநாள் பார்க்கலாம்."

"நாளை மறுநாள் எனக்குப் படகே இருக்காது, மகராசா!"

 மந்திரி அறவாழி மெல்லக் கனைத்தார். "பிரபு, புழுக்கம் தாங்கவில்லை. மாலையில் அக்கரைத் தோப்புக்குப் போய்க் காற்று வாங்கலாமே. விருத்தகிரியாரும் வரட்டும். படகுக்கு இந்த அம்மாள் இருக்கிறாள்." சொல்லிவிட்டு முத்திருளாயியை ஒருமுறை பார்த்தார். அவளுக்கு அது போதும்.

மாலையில் படகு நடு ஆற்றுக்கு வந்ததும் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மகராசாவுக்கும் மந்திரி ஐயாவுக்கும் கூலி வேண்டாம். முத்திரை ஐயா கணக்கை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடக்க ஒரு காசு. துடுப்பு தண்ணீரில் பட்ட தடவைக்கு அரைக் காசு. இதுவரை நாற்பது தடவை. இங்கே ஏறியவர்தான் அங்கே இறங்குகிறார் என்று சொல்ல இரண்டு சாட்சிகள். சாட்சிக்கு மீன்கள் இருக்கின்றன, அலைய வேண்டாம்."

மன்னர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்புறம்?"

"அப்புறம் பொறுப்பு, மகராசா. படகு கவிழ்ந்தால் ஐயாவின் உயிரல்லவா போகும்? உயிருக்கு என்ன மதிப்பு என்று அவரே சொல்லட்டும். பத்தில் ஒரு பங்கு எனக்கு."

"சொல்லும் ஓய்!" என்றார் மன்னர். "நானும் தெரிந்துகொள்கிறேன்."

கூட்டிச் சொன்னால் சொத்து போகும்; குறைத்துச் சொன்னால் மானம் போகும். விருத்தகிரியார் தலைப்பாகையைக் கழற்றினார், மாட்டினார், பிறகு வெடித்தார். "இது பகல் கொள்ளை! துறைக் கல்லில் என்ன வெட்டியிருக்கிறது? ஆளுக்கு ஒரு காசு! அதற்குமேல் ஒரு செல்லாக்காசு வாங்கினாலும் ராஜத் துரோகம்!"

முத்திருளாயி மந்திரியைப் பார்த்தாள். 

"எந்தக் கல்?" என்று கேட்டார் மந்திரி, ஒன்றும் தெரியாதவர் போல. "மழையில் தேய்ந்துபோனதே, அதுவா?"

மன்னரின் சிரிப்பு நின்றது. "ஒரே கல், ஒரே உளி. நீர் கொடுக்கும் பக்கம் செல்லும், வாங்கும் பக்கம் செல்லாது. காலையில் என்னையும் தலையாட்ட வைத்தீரே! எடும் முத்திரையை."

இடுப்பிலிருந்த பேழை திறந்தது. படகு விளக்கிலேயே அரக்கு உருகியது; விறகுச் செலவு மிச்சம். முத்திருளாயி இடுப்பில் செருகியிருந்த ஓலையில் முத்திரை விழுந்தது; அவள் ஒரு பணத்தை எண்ணி வைத்தாள். அதிகாரி படகைத் தேடி வந்திருக்கிறாரே என்று அரைப் பணத்தையும் எடுத்தாள். அதை வாங்க அவர் கை நீளவில்லை.

"நாளை முதல் தினமும் காலையில் துறையில் நின்று அந்தக் கல்லின் இரண்டு பக்கத்தையும் வருகிறவர்களுக்கு உரக்க வாசியும்" என்றார் மன்னர். "வாசிப்புக் கூலி கிடையாது."

பிறகு தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி முத்திருளாயியிடம் நீட்டினார். அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். ஆனால் துடுப்பைத் தொடவில்லை.

"இன்னும் என்னம்மா?"

"மகராசா, காலையில் போட்ட சட்டமே மத்தியானம் வரை தங்குவதில்லை. ஐயா கல்லை வாசிக்கும் இந்த உத்தரவையும் ஓர் ஓலையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்." இன்னொரு பணத்தை எடுத்து விருத்தகிரியார் முன்னால் வைத்தாள். "முத்திரை போடுங்க ஐயா. கூலி தெரியுமில்லையா?"