வெறும் நெற்றி

திருவம்பல அடிகளின் நெற்றியில் எட்டு நாளாகத் திருநீறு இல்லை.

சைவ மடத்தின் தலைவர் வெறும் நெற்றியோடு வந்து உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஏதோ புது விரதம் என்றார்கள் சிலர். மனசு பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். நேரே கேட்க மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தாண்டவராயன் கேட்டார். லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்று, போன மாதம்தான் சீடராகச் சேர்ந்தவர். அடிகளைவிடப் பத்து வயது மூத்தவர். மடத்துப் பயமெல்லாம் அவருக்கு இன்னும் வரவில்லை.

"சாமி, நெத்தி ஏன் வெறுமையா இருக்கு?"

"வாங்க" என்று எழுந்தார் அடிகள்.

மடைப்பள்ளிக்குள் அழைத்துப் போனார். சுவர், கூரை, ஜன்னல் கம்பி எல்லாம் கன்னங்கரேல் என்று இருந்தன. மேடைமேல் ஒரு புது அடுப்பு மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. புகை துளியும் இல்லை.

"கோபர் கேஸா? நம்ம மாட்டுச் சாணமா?"

"ஆமா. எட்டு நாளா எரியுது. பதினெட்டு வருஷமா எரிஞ்சிருக்க வேண்டியது."

"ஏன் எரியல?"

"மாசாமாசம் சிலிண்டர் வாங்க மடத்துக்கு வழியில்ல. மாடு இருக்கே, சாணமே போதும்னு பின்னாடி குழிகூட பாதி வெட்டிட்டாங்க. நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு சாமி?"

"அப்பதான் பட்டத்துக்கு வந்திருந்தேன். சாணத்துல வர்ற நெருப்புலயா சாமிக்கு நைவேத்தியம் ஆக்குறதுன்னு கேட்டேன். எல்லாரும் தலையாட்டினாங்க."

"திருநீறே சாணத்தைச் சுட்டு எடுக்கிறதுதானே?"

"நெத்தி நிறையப் பூசிக்கிட்டுதான் கேட்டேன்."

தாண்டவராயனுக்குச் சிரிப்பு முட்டியது. அடிகளின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"அப்புறமாவது உள்ள வந்து பார்த்திருக்கலாமே?"

"மடத்துத் தலைவர் மடைப்பள்ளியில கால் வைக்கிறதில்ல. அது வழக்கம். எனக்கு வாசனை மட்டும்தான் வரும். விறகடுப்புச் சோறு தனி ருசின்னு வர்றவங்ககிட்டயெல்லாம் பெருமை பேசுவேன். மூணு மாசத்துக்கு முன்னாடி செங்கமலம்மா இங்க மயங்கி விழுந்தாங்க. சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அன்னிக்குத்தான் இந்தச் சுவரைப் பார்த்தேன்."

பின்வாசல் கல்லில் செங்கமலம் உட்கார்ந்திருந்தார். இருபத்திரண்டு வருடம் அங்கே விறகடுப்பை ஊதிச் சமைத்தவர். மூச்சு ஒவ்வொன்றும் விசில் சத்தத்தோடு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தவரை அடிகள் கையமர்த்தி உட்கார வைத்தார்.

"டாக்டர் என்ன கேட்டாருன்னு இவர்கிட்ட சொல்லுங்கம்மா."

"ஒரு நாளைக்கு... எத்தனை பீடி குடிப்பேன்னு கேட்டாருங்க." செங்கமலம் வெட்கத்தோடு சிரித்தார். "தொட்டதே இல்லன்னேன். அவரு நம்பல."

"இனிமேத்தான் புகை இல்லையே. தேறிடுவீங்க" என்றார் தாண்டவராயன்.

"தேறாதுன்னுதான் சொல்லிட்டாங்க. டாக்டரு கெடக்காரு. சாமி, நீங்க துன்னூறு போட்டு விடுங்க. சரியாயிரும்."

தினமும் அதைத்தான் கேட்கிறார் அந்த அம்மாள். அடிகளுக்கு அதைக் கேட்பதைவிட அடி வாங்குவது மேலாக இருந்திருக்கும்.

மடத்து முறைப்படி அடிகள் ஒரு சிட்டிகை திருநீற்றை உள்ளங்கையில் எடுத்தார். கண்ணை மூடி மந்திரம் சொன்னார். அதன்மேல் ஒருமுறை ஊதினார். நல்ல நீளமான மூச்சு அது. பிறகு செங்கமலத்தின் நெற்றியில் பூசினார்.

திரும்பி வரும்போது தாண்டவராயன் விடவில்லை.

"அவங்களுக்குப் போட்டு விடுறீங்க. நீங்க ஏன் சாமி பூசிக்க மாட்டேங்கறீங்க?"

"புது அடுப்பு பத்தின அன்னிக்கு என் கையால பூசிக்க மனசு வரல. நீங்க ஊதிப் பூசி விடுங்கன்னு அந்த அம்மாகிட்ட கேட்டேன். ரொம்பக் கூச்சப்பட்டாங்க. அப்புறம் கையில எடுத்தாங்க."

"எடுத்துட்டு?"

அடிகள் பின்வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஊத மூச்சு வரல. வரட்டும், பூசிக்கிறேன்."