நாக்கிலிருந்து ஒரு துண்டு

அரசு மருத்துவக் கல்லூரியின் திசு ஆய்வுக்கூடத்தில் தமயந்தி பேராசிரியை. மீரான் அவரிடம் மாணவர். வயதில் அவரைவிட மூத்தவர். கடலோர ஊர் ஒன்றில் பல வருடம் வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பதைத் தாண்டி மறுபடி படிக்க வந்திருந்தார்.

ஒருநாள் மீரான் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுக் கேட்டார்.

“ஊர்ல நான் தெருவுல நடந்தா, பிழைச்சவங்க கும்பிடுவாங்க மேடம். மீன் கொண்டுவந்து குடுப்பாங்க. இங்க யாரைக் காப்பாத்துறோம்னு நமக்கும் தெரியாது, காப்பாத்துனது யாருன்னு அவங்களுக்கும் தெரியாது. நமக்கு யார் நன்றி சொல்லப் போறாங்க?”

தமயந்தி, மெல்லிய சதைச் சீவல் ஒட்டிய ஒரு கண்ணாடிச் சில்லை நீட்டினார்.

“நாக்குல ஆறாத புண். புற்றுன்னு நாம சொன்னா பாதி நாக்கை எடுத்துடுவாங்க. பாருங்க.”

மீரான் பார்த்தார். மேற்புறச் செல்கள் வரிசை கலைந்து, விரல் விரலாக உள்ளே இறங்கியிருந்தன.

“புற்றுதான் மேடம்.”

“அதுக்குக் கீழே?”

“வெறும் வீக்கம்.”

“அவசரப்படாம பாருங்க.”

சில்லை மெல்ல நகர்த்தினார். இளஞ்சிவப்புப் பரப்பின் நடுவே ஒரு பெரிய செல். அதன் ஓரமாக, குதிரை லாடம்போல வளைந்து, நீல உட்கருக்கள். பக்கத்தில் இன்னொன்று. மீரானின் கை நின்றது.

“நாக்குல காசநோய்! மேல இருக்கிறது புற்று மாதிரி தெரியுற வெறும் வளர்ச்சிதான்.”

வேறு சாயம் ஏற்றிப் பார்த்தபோது, கிருமிகள் சிவப்புக் குச்சிகளாகத் தெரிந்தன. கத்தி வேண்டாம், மாத்திரை போதும் என்று எழுதி அனுப்பினார்கள்.

மறுநாள் தமயந்தி அவரை வார்டுக்கு அழைத்துப் போனார். கட்டிலில் ஒரு பெண், அறுவை மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபடியே சிரித்தார். பெயர் சூசையம்மாள். துறைமுகத்தில் மீன் ஏலம் கூவுகிறவர்.

“நாக்கு போச்சுன்னா என் பொழப்பே போச்சுன்னு கிடந்தேன் ஐயா. நீங்க நல்லா இருக்கணும்.”

மருத்துவர் போனபின், சூசையம்மாள் வாசலில் நின்ற இருவரையும் பார்த்தார்.

“நீங்க யாரும்மா?”

“உங்களுக்கு நன்றி சொல்ல வந்தோம்,” என்றார் தமயந்தி.

“எனக்கா? நான் என்ன பண்ணேன்?”

“நாக்குலேர்ந்து ஒரு துண்டு சதை குடுத்தீங்க. வலியைப் பொறுத்துக்கிட்டுக் குடுத்தீங்க. இந்த நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு அதுலதான் இவர் கத்துக்கிட்டார். இனிமே இப்படி வர்றவங்களுக்கெல்லாம் அது உதவும்.”

சூசையம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“அந்தத் துண்டா! குப்பையில போட்டிருப்பீங்கன்னுல்ல நினைச்சேன்.”

தமயந்தி அவரைக் கைகூப்பி வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் மீரான் சொன்னார்:

“அவங்களுக்கு நம்ம பேர்கூடத் தெரியாது மேடம்.”

“நேத்து அந்தச் சில்லைப் பார்த்தப்ப, அவங்க பேர் என்னன்னு நீங்க கேட்டீங்களா?”

மீரான் நின்றார். பிறகு திரும்பி, வார்டுக்குள் சூசையம்மாளின் கட்டிலை நோக்கிப் போனார்.